பலிபீடம் பெர்லினில், நகரம் மலையில்: பெர்கமோன் இடிபாடுகளை வாசிப்பது எப்படி

பெர்லினில் உள்ள பெர்கமோன் அருங்காட்சியகம் 2023 அக்டோபரில் முழுவதுமாக மூடப்பட்டது. பண்டைக் கிரேக்கப் பலிபீடம் ஒன்றை வைத்திருக்கும் அங்குள்ள புகழ்பெற்ற பலிபீடக் கூடம் 2014 முதலே மூடிக் கிடக்கிறது. வடக்குப் பகுதியும் பலிபீடக் கூடமும் 2027இல் திறக்கப்படும், தெற்குப் பகுதிக்கு 2037 வரை ஆகும் என்பது அறிவிப்பு. இந்தச் செய்தி வரும்போதெல்லாம் கூடவே சில கேள்விகளும் கிளம்புகின்றன. பெர்கமோன் என்பது அருங்காட்சியகத்தின் பெயரா, ஊரின் பெயரா? ஊர் என்றால் எங்கே இருக்கிறது? அதன் முக்கியமான பகுதி ஜெர்மனிக்குப் போய்விட்ட பிறகு, ஊரில் பார்க்க என்ன மிச்சம்?

ஊர் துருக்கியில் இருக்கிறது. பெர்லினுக்குப் போனது பெரும்பாலும் சிற்பமும் பளிங்கு முகப்பும்தான். ஒரு செங்குத்தான பாறைமலையில் பல்லாயிரம் பேர் வாழ என்னென்ன வேண்டியிருந்ததோ, அதாவது தாங்குசுவர், தொட்டி, குழாய்த்தடம், தெரு எல்லாம், இன்னும் மலையிலேயே இருக்கிறது. மலையுச்சி நகரம் எப்படி இயங்கியது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவருக்குப் பெர்லினைவிட மலைதான் அதிகம் சொல்லும்.

ஊர் எது, மலை எது

துருக்கியின் மேற்குக் கரையோரம், இஸ்மிர் மாகாணத்தில் பெர்காமா என்று ஓர் ஊர். அதன் தலைக்கு மேலே நிற்கிறது பெர்கமோன் மலை. உச்சி கடல்மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர். இரு பக்கமும் செலினஸ், கெட்டியோஸ் என்ற ஓடைகள் மலையை அறுத்துக்கொண்டு ஓடுகின்றன. தெற்கே கைகோஸ் ஆற்றின் சமவெளி விரிகிறது. அந்த ஆற்றுக்கு இன்றைய பெயர் பக்கிர்ச்சாய். மலை முழுக்க ஆண்டிசைட் என்ற எரிமலைப் பாறை. கருஞ்சாம்பல் நிறத்தில் கெட்டியாக இருக்கும். நகரத்தின் பெரும்பாலான சுவர்களுக்குக் கல் அதிலிருந்தே வெட்டப்பட்டது.

கிரேக்கர்கள் ஊரை ‘போலிஸ்’ என்றார்கள். ‘அக்ரோபோலிஸ்’ என்றால் ஊரின் உச்சிப்பகுதி. ஏதென்ஸில் அக்ரோபோலிஸ் கோயில்களுக்கு உரியது; மக்கள் கீழே வாழ்ந்தார்கள். பெர்கமோனில் உச்சியில் அரண்மனை, படைக்கலக் கிடங்கு, கோயில், நூலகம். அதற்குக் கீழே சரிவு நெடுகச் சந்தை, உடற்பயிற்சிக் கூடம், வீடுகள். மலையே ஊர்.

ஊரை வளர்த்தது அத்தாலிட் அரச மரபு. அதன் தொடக்கம் அவ்வளவு கௌரவமானதல்ல. அலெக்சாண்டரின் தளபதிகளில் ஒருவரான லைசிமாக்கோஸ், 9,000 டாலந்து (பண்டைக் கிரேக்கப் பண அளவு) பணத்தை இந்த மலைக்கோட்டையில் வைத்துப் பிலெட்டைரோஸ் என்பவரைக் காவலுக்கு அமர்த்தினார். கி.மு. 282 வாக்கில் பிலெட்டைரோஸ் எதிரணிக்குத் தாவினார். பணம் அவரிடமே தங்கியது. பின்னால் வந்தவர்களில் முதலாம் அத்தாலோஸ் கெல்ட் இனத்தவரான கலாத்தியரை வென்று அரசர் பட்டம் சூடினார். இரண்டாம் யூமெனஸ் (கி.மு. 197–159) காலத்தில், கி.மு. 188இன் அபாமியா உடன்படிக்கை மூலம், சின்ன ஆசியாவின் (இன்றைய துருக்கி நிலப்பகுதி) மேற்கில் பெரும்பகுதி கைக்கு வந்தது. இன்று மலையில் காணும் பெரிய கட்டுமானங்கள் பல அவர் காலத்தவை. கடைசி அரசர் மூன்றாம் அத்தாலோஸ் கி.மு. 133இல் இறந்தபோது, நாட்டையே ரோமுக்கு உயில் எழுதி வைத்துவிட்டிருந்தார்.

சரிவைத் தளமாக்குவது

மலையில் கட்டுகிறவருக்கு முதல் சிக்கல், சமதரை கிடையாது என்பது. பெர்கமோனில் இதற்குக் கையாண்ட வழி மூன்று வகை.

1. வெட்டி நிரப்புதல். சரிவின் மேல்பக்கப் பாறையை வெட்டி, வந்த கல்லையும் மண்ணையும் கீழ்ப்பக்கம் கொட்டி, விளிம்பில் தாங்குசுவர் எழுப்புவது. மேல் சந்தை, கீழ்ச் சந்தை, தெமேத்தர் தேவியின் கோயில் வளாகம் எல்லாம் இப்படி உருவான படித்தளங்கள். உடற்பயிற்சிக் கூடம் மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று படித்தளம்.

2. வளைவு அறைகளின் மேல் தளம். ரோமானியர் காலத்தில் பேரரசர் திராயானின் கோயிலுக்குத் தளம் அமைத்தபோது, உள்ளே மண்ணை நிரப்பாமல் பீப்பாய் வடிவக் கூரை கொண்ட நீண்ட கல் அறைகளை வரிசையாகக் கட்டி, அவற்றின் முதுகில் முற்றத்தைப் போட்டார்கள். இந்த அறைகளுக்குள் இன்றும் நடந்து போகலாம்.

3. சரிவைச் சரிவாகவே விடுதல். அரங்கம் இதற்கு எடுத்துக்காட்டு.

முதல் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு முக்கியமானது. தாங்குசுவரைப் பின்னாலிருந்து மண் தள்ளிக்கொண்டே இருக்கும். சுவரின் உயரம் இரட்டித்தால், தள்ளும் மொத்த விசை நான்கு மடங்காகும். மழைநீர் அந்த மண்ணில் ஊறித் தேங்கினால் நீரின் அழுத்தமும் சேர்ந்துகொள்ளும். சுவர் முதலில் வயிறு தள்ளும், பிறகு சரியும். மலைச்சரிவில் சுவர் விழுந்தால் பெரும்பாலும் குற்றவாளி தண்ணீர்தான். அதனால் கல் இடுக்குகளில் நீர் வடிய வழி விட வேண்டும், பின்னால் உதைசுவர்கள் கட்டி மண்ணைப் பகுதி பகுதியாகப் பிரிக்க வேண்டும், மேலே விழும் மழையை வாய்க்காலில் திருப்பிவிட வேண்டும். வளைவு அறைகள் இந்தத் தொல்லையை வேரோடு அகற்றின: உள்ளே மண்ணே இல்லை, அதனால் மண்ணின் தள்ளலும் இல்லை. ஆனால் வெட்டிய கல்லும் கைதேர்ந்த கொத்தனும் நிறைய வேண்டும். செலவைத் தாங்க ரோமப் பேரரசுக்கு முடிந்தது.

அரங்கத்துக்கு வருவோம். ஏறத்தாழ 10,000 பேர் உட்காரும் இடம். சுமார் 80 வரிசை. அடி வரிசைக்கும் உச்சி வரிசைக்கும் 36 மீட்டர் அளவுக்கு உயர வேறுபாடு. பத்துப் பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் உயரம் அது. மேலே நின்று கீழே பார்த்தால் கால் கூசும். அரைவட்டத்துக்கும் அதிகமாக விரியும் கிரேக்க அரங்குகளின் வழக்கமான அகலம் இங்கே இல்லை. சரிவில் கிடைத்த ஒரு குழிவை மட்டும் பிடித்துக்கொண்டு மேல்நோக்கி நீள்கிறது. கீழே மேடைக்கும் நெருக்கடி: அரங்கின் காலடியில் 250 மீட்டர் அளவுக்கு நீளும் ஒடுங்கிய தளம், அதன் ஒரு முனையில் மதுக்கடவுள் தியோனிசோஸின் கோயில். நிரந்தரக் கல்மேடை கட்டினால் கோயிலுக்கு வழி அடைபடும். எனவே மேடையை மரத்தால் செய்து, விழா முடிந்ததும் கழற்றினார்கள். மரத்தூண்களைச் செருகிய சதுரக் குழிகள் தரையில் வரிசையாக இன்றும் இருக்கின்றன.

தண்ணீர்: முதலில் மழை, பிறகு குழாய்

உச்சியில் ஊற்று இல்லை. மழை குளிர்காலத்தில் பெய்யும். கோடை மாதங்கள் வறண்டவை. ஆகவே பழைய ஏற்பாடு, மழைநீர்த் தொட்டி. பாறையைக் குடைந்து, வாய் குறுகலாகவும் வயிறு அகலமாகவும் பேரிக்காய் வடிவில் வெட்டி, உள்ளே நீர் கசியாத சாந்து பூசுவார்கள். குறுகிய வாய்க்குக் காரணம் உண்டு: வெயில் உள்ளே புகாது, பாசி பிடிக்காது, நீர் ஆவியாவது குறையும், மூடுவதும் எளிது. மலையில் சுமார் 150 தொட்டிகள் அறியப்பட்டிருக்கின்றன. 100 சதுர மீட்டர் கூரையில் ஆண்டுக்கு 600 மி.மீ. மழை விழுவதாகக் கொண்டால், ஒரு சொட்டும் வீணாகாவிட்டால் 60,000 லிட்டர் சேரும். குடிக்கவும் சமைக்கவும் ஒரு குடும்பத்துக்குப் போதும். குளியல் கூடங்களுக்கும் பொது நீரூற்றுகளுக்கும் போதாது.

தொட்டி எவ்வளவு முக்கியம் என்பதைச் சட்டமே சொல்கிறது. ‘அஸ்டினோமோய்’ என்ற நகர அதிகாரிகளின் கடமைகளைப் பட்டியலிடும் கல்வெட்டு ஒன்று பெர்கமோனில் கிடைத்தது. கல்லில் பொறித்தது ரோமானியர் காலம். சட்டம் அரசர்கள் காலத்தது. அதன்படி:

1. வீடுகளில் உள்ள தொட்டிகளை அதிகாரிகள் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். உரிமையாளர் கசிவில்லாமல் பராமரிக்க வேண்டும். தூர்த்து மூடினால் 100 திராக்மா (அன்றைய கிரேக்க வெள்ளிக்காசு) அபராதம்.

2. பொது நீரூற்றில் துணி துவைப்பதும் பாத்திரம் கழுவுவதும் கால்நடைக்குத் தண்ணீர் காட்டுவதும் கூடாது. மீறியவர் அடிமையல்லாதவராக இருந்தால் பொருள் பறிமுதலும் 50 திராக்மா அபராதமும். அடிமையாக இருந்தால் சாட்டையடி.

3. ஊருக்கு வெளியே பெருஞ்சாலை குறைந்தது 20 முழம், மற்றச் சாலை 8 முழம் அகலம்.

4. பொதுச்சுவர் பழுதானால் செலவை யார் எப்படிப் பங்கிடுவது, சரிவில் மேல்வீட்டின் ஈரம் கீழ்வீட்டுச் சுவரில் இறங்காமலிருக்க எப்படி இடைவெளி விடுவது என்பதற்கும் விதிகள் உண்டு.

அடுக்கடுக்காக வீடுகள் உள்ள ஊரில் கடைசி விதி எத்தனை சண்டைக்குப் பிறகு எழுதப்பட்டிருக்கும் என்று ஊகிக்கலாம்.

இரண்டாம் யூமெனஸ் காலத்தில் தொட்டிகளோடு குழாயும் வந்தது. வடக்கே மத்ரா மலையின் ஊற்றுகளிலிருந்து 40 கி.மீ.க்கும் அதிகமான தூரத்துக்குச் சுட்ட மண்குழாய் பதித்தார்கள். ஒன்றல்ல, அருகருகே மூன்று வரிசை. மொத்தம் 2,40,000 குழாய்த் துண்டுகள் அளவில் தேவைப்பட்டிருக்கும் என்பது கணக்கு. துண்டு ஒன்று அரை மீட்டர் நீளத்துக்குச் சற்று கூடுதல். ஒரு வரிசை உடைந்தால் அதை அடைத்துப் பழுது பார்க்கும்போது மற்ற இரண்டும் ஓடும் என்பது மூன்றாகப் பதித்ததில் ஒரு வசதி.

இதுவரை கடினமில்லை. மலைச்சரிவை ஒட்டி மெல்லச் சாய்த்துக்கொண்டே வந்தால் நீர் தானே ஓடும். சிக்கல் கடைசி 3 கி.மீ.யில். பெர்கமோன் மலைக்கும் வடக்கிலுள்ள உயர்நிலத்துக்கும் நடுவே ஆழமான பள்ளம்.

பள்ளத்தைத் தாண்டிய குழாய்

வீட்டு மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயின் மறுமுனையை மேல்நோக்கி வளைத்துப் பிடித்தால், தொட்டியின் நீர்மட்டம் வரை தண்ணீர் ஏறும். இதே தத்துவத்தில் பள்ளத்துக்குள் இறங்கி எதிர்க்கரையில் ஏறும் மூடிய குழாய்க்குத் தலைகீழ் சைஃபன் என்று பெயர். பெர்கமோன் குழாயின் அளவுகள் இவை:

1. தொடக்கம்: ஹாகியோஸ் கியோர்கியோஸ் என்ற குன்றின் மேல், கடல்மட்டத்திலிருந்து சுமார் 376 மீட்டரில் ஒரு தொட்டி. மண்குழாயில் வந்த நீர் இங்கே தங்கி, மண்ணும் மணலும் அடியில் படிந்த பிறகே மேற்கொண்டு போகும்.

2. அடித்தளம்: பள்ளத்தில் குழாய் இறங்கும் மிகத் தாழ்ந்த இடம் சுமார் 175 மீட்டர்.

3. முடிவு: கோட்டை உச்சி, சுமார் 330 மீட்டர்.

முதல் எண்ணிலிருந்து மூன்றாவதைக் கழித்தால் 46 மீட்டர் மீதி. குழாய்ச் சுவரோடு உராய்ந்து இழக்கும் அழுத்தத்தை ஈடுகட்டி நீரைத் தள்ளுவது இந்த மீதிதான். தொடக்கக் குன்று உச்சியைவிட உயரமாக இல்லாவிட்டால், எவ்வளவு நல்ல குழாய் போட்டாலும் ஒரு சொட்டு மேலே வராது.

முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் சுமார் 200 மீட்டர். பத்து மீட்டர் நீர் உயரத்துக்கு ஒரு சதுர செ.மீ.யில் ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தம். ஆகவே பள்ளத்தின் அடியில் சதுர செ.மீ.க்கு 20 கிலோ. ஒரு மாடி உயரத் தொட்டியால் வீட்டுக் குழாயில் கிடைப்பதைப்போல இது ஐம்பது மடங்குக்கும் மேல். உட்குறுக்களவு 17 செ.மீ. என்று கொண்டால், குழாயின் வாயை அடைக்கும் மூடியை நீர் நாலரை டன் விசையோடு தள்ளும். மண்குழாய் இதைத் தாங்காது. இங்கே போட்டது ஈயக்குழாய்.

அந்த ஈயம் இன்று இல்லை. உருக்கி விற்கத்தக்க உலோகம் தரையில் கிடந்தால் யார் விடுவார்? ஆனால் தடம் அழியவில்லை. குழாய் ஓடிய கோட்டில் மண்ணை ஆய்ந்தபோது ஈயத்தின் அளவு கூடுதலாக இருந்தது. குழாயைப் பற்றிப் பிடித்த, நடுவே வட்டத் துளையுள்ள கற்பலகைகளும் இருந்த இடத்திலேயே சில நிற்கின்றன.

இப்படிப்பட்ட குழாய் எங்கே கெடும்? ரோமக் கட்டடக் கலைஞர் வித்ருவியஸ் சொல்பவையும் இன்றைய நீரியல் அறிவும் ஒத்துப்போகின்றன:

1. வளைவில். நீர் திசை திரும்பும் இடத்தில் குழாயை வெளிப்பக்கம் தள்ளும். மூட்டு கழன்றுவிடும். அதனால்தான் கனமான கல்லில் துளையிட்டுக் குழாயைப் பூட்டுவது.

2. நடுமேட்டில். வழியில் குழாய் ஒரு மேடேறி இறங்கினால் அங்கே காற்று சிக்கும். நீர் ஓட்டம் திணறும்.

3. திறக்கும்போது. வெறுங்குழாயில் நீரை வேகமாக விட்டால் அடைபட்ட காற்றும் பாயும் நீரும் மோதி மூட்டுகளை உடைக்கும். மெதுவாக, சிறுகச் சிறுக நிரப்ப வேண்டும். முதல்முறை விடும்போது தொடக்கத் தொட்டியில் சாம்பலைப் போடச் சொல்கிறார் வித்ருவியஸ்: சாம்பல் நீரோடு போய் மூட்டு இடுக்குகளை அடைக்குமாம். நல்ல கைவைத்தியம்தான்.

4. படிவதில். சுண்ணாம்புச் சத்துள்ள நீர் குழாயின் உட்சுவரில் ஆண்டுதோறும் அடுக்கு அடுக்காகப் படியும். உள்ளளவு குறையும்.

ஈயம் உடலுக்குக் கெடுதி, மண்குழாய்த் தண்ணீரே நல்லது என்று அதே வித்ருவியஸ் எழுதியிருக்கிறார். ஈயம் உருக்குகிற வேலையாட்களின் வெளிறிய முகத்தைச் சான்றாகக் காட்டுகிறார். பின்னால் வந்த ரோமானியர் தெரியாமல் செய்தார்கள் என்று சொல்வதற்கில்லை. அந்த அழுத்தத்துக்கு வேறு வழி அரிது.

பலிபீடம் எப்படிப் போனது

மேல் சந்தைக்கு அருகே ஒரு படித்தளத்தில் இருந்தது பெரிய பலிபீடம். அடித்தளம் ஏறத்தாழ 36 மீட்டருக்கு 34 மீட்டர். முன்னால் 20 மீட்டர் அகலப் படிக்கட்டு. வெளிச்சுவரைச் சுற்றித் தேவர்களும் அரக்கர்களும் பொரும் புடைப்புச் சிற்ப வரிசை: நீளம் 113 மீட்டர், உயரம் 2.3 மீட்டர். அதைத் தனித்த சிற்பத் தொகுதியாக மண்ணைத் தோண்டி எடுத்தார்கள் என்று நினைப்பது தவறு. கிழக்கு ரோமப் பேரரசினரான பைசாந்தியர்கள் உச்சியில் அவசரமாகக் கோட்டைச்சுவர் எழுப்பியபோது, பலிபீடத்தின் பலகைகளையும் கல்லோடு கல்லாக உள்ளே வைத்துக் கட்டிவிட்டார்கள். அந்தச் சுவரே சிற்பங்களைக் காப்பாற்றியது. வெளியே கிடந்த பளிங்கு பல, சுண்ணாம்புக் காளவாயில் வெந்து சாந்தாகிப் போயின.

சாலைப் பணிக்காக வந்த ஜெர்மானியப் பொறியாளர் கார்ல் ஹுமான் 1860களில் இந்தக் காளவாய்களைக் கண்டு அதிர்ந்தார். 1878 செப்டம்பரில் பெர்லின் அருங்காட்சியகத்தின் ஆதரவோடு அகழ்வு தொடங்கியது. ஒட்டோமான் அரசோடு செய்த ஒப்பந்தப்படி கண்டெடுத்தவை பங்கிடப்பட்டன. அரசின் பங்கையும் பின்னர் ஜெர்மனி விலைக்கு வாங்கியது. 1884இல் ஒட்டோமான் அரசு தொல்பொருள் ஏற்றுமதியைத் தடை செய்யும் சட்டம் கொண்டுவந்தது. அதற்குள் பலிபீடம் போய்விட்டது. அன்றைய தாளில் ஒப்பந்தம் முறையானது. அன்றைய பேரம் சமமானவர்களுக்கு நடுவே நடந்ததா என்பது வேறு கேள்வி. துருக்கியில் அதைத் திருப்பிக் கேட்கும் குரல் ஓயாததற்கு இந்த இரண்டாவது கேள்விதான் காரணம். 1945இல் சோவியத் படை சிற்பங்களை லெனின்கிராடுக்குக் கொண்டுபோனது. 1958இல் அவை பெர்லினுக்குத் திரும்பின.

மலையில் பலிபீடம் இருந்த இடத்தில் படிபடியான அடித்தளமும் அதன்மேல் வளர்ந்த பைன் மரங்களும் மட்டுமே. ஹுமானின் கல்லறையும் பக்கத்திலேயே இருக்கிறது. 1967இல் அவருடைய எச்சங்களை இங்கே கொண்டுவந்து வைத்தார்கள்.

மேலே ஏன் காலியானது

ரோம ஆட்சியில் அமைதி வந்ததும் ஊர் சமவெளிக்கு இறங்கத் தொடங்கியது. கி.பி. 129இல் இங்கே பிறந்த மருத்துவர் காலேன், ஊரில் குடிமக்கள் 40,000 பேர், பெண்களையும் அடிமைகளையும் சேர்த்தால் 1,20,000 பேர் என்று எழுதுகிறார். அவ்வளவு பேருக்கு மலை போதாது. கீழே புதிய தெருக்களும், செலினஸ் ஓடைக்கு மேலே மூடி போட்டு எழுப்பிய செங்கல் கோயிலும் வந்தன; முன்பே இருந்த அஸ்க்லெப்பியோன் மருத்துவக் கோயில் விரிவடைந்தது. சுமை தூக்கி ஏறும் கட்டாயம் இல்லாதபோது யாரும் ஏறுவதில்லை. கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் நிலநடுக்கமும் கோத்தியர் என்ற ஜெர்மானிய இனத்தவரின் படையெடுப்பு அச்சமும் வந்தன. ஊரின் காவல்சுவர் திரும்ப உச்சியை நோக்கிச் சுருங்கியது. 716இல் அரபுப் படை நகரைப் பிடித்தது. பின்னர் வந்த தலைமுறைகளுக்கு மலை ஒரு கல் குவாரி.

போகிறவர் கவனிக்க

பெர்காமாவிலிருந்து மேலே கம்பிவண்டி போகிறது. பெரும்பாலானோர் உச்சியில் சுற்றிவிட்டு அதிலேயே இறங்கிவிடுவார்கள். நடந்து இறங்கினால்தான் உடற்பயிற்சிக் கூடமும் தெமேத்தர் கோயிலும் கல் பாவிய பழைய தெருவும் கண்ணில் படும். கோடையில் நிழல் அரிது. தண்ணீர் கையில் இருக்கட்டும்.

1. கற்களில் ஒழுங்கற்ற குழிகள் தெரிந்தால் அவை குண்டடி அல்ல. கல்லோடு கல்லை இணைத்த இரும்புக் கவ்விகளையும் அவற்றைச் சுற்றி ஊற்றிய ஈயத்தையும் பிற்காலத்தவர் கொத்தி எடுத்த வடு.

2. திராயான் கோயிலின் வெள்ளைத் தூண்கள் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திரும்ப நிறுத்தப்பட்டவை. பழைய பளிங்கையும் புதிதாக வார்த்த துண்டையும் நிறத்தில் பிரித்தறியலாம்.

3. உச்சியின் வடமுனையில் படைக்கலக் கிடங்குகளின் அடித்தளம்: நெருக்கமாக இணையாக ஓடும் குட்டைச் சுவர்கள். மேலே மரத்தளம் போட்டு, கீழே காற்றோட வழி விட்டிருக்கிறார்கள். அங்கே சேமித்த தானியம் ஈரத்தில் புழுக்காமலிருக்க இது.

4. அந்தக் கிடங்குகளுக்குப் பக்கத்தில் நின்று வடக்கே பாருங்கள். பள்ளத்துக்கு அப்பால், நிற்கும் இடத்தைவிடச் சற்றே உயர்ந்து தெரியும் குன்றுகளில் ஒன்று ஹாகியோஸ் கியோர்கியோஸ். ஈயக்குழாய் அங்கேயிருந்து இறங்கி இங்கே ஏறியது.